ரெஃபோர்மாத்தோர்

லத்தீனில் ‘ஃபோர்மா’ என்றால் உருவம். ‘ஃபோர்மாரே’ என்றால் உருக்கொடுத்தல். முன்னால் ‘ரெ’ என்ற ஒட்டு சேர்ந்தால் ‘ரெஃபோர்மாரே’. அதைச் செய்பவருக்கு ‘தோர்’ விகுதி சேர்த்தால் ‘ரெஃபோர்மாத்தோர்’. ஐரோப்பிய மொழிகளில் சீர்திருத்தவாதியைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

‘ரெ’ என்பதற்கு ‘மறுபடி’ என்றும் ‘பின்னோக்கி’ என்றும் பொருள் உண்டு. ஆகவே ரோமானியர் காதில் இந்தச் சொல் புதுமையைச் சொல்லவில்லை, இழந்த உருவை மீட்பதையே சொன்னது. ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ காவியத்தில் முதியவன் இயோலாவுஸ் மறுபடி இளைஞனாகும் இடத்தில் இந்த வினையைக் கையாள்கிறார். இளைய பிளினி, டிட்டினியுஸ் காப்பிட்டோ என்பவரைப் புகழும் கடிதமொன்றில், மூப்படைந்துவந்த இலக்கியத்துக்குப் பழைய உருவைத் தந்தவர் என்ற பொருளில் ‘ரெஃபோர்மாத்தோர்’ என்கிறார். இருவரிடமும் சொல் முதுமைக்கு மருந்தாகத்தான் வருகிறது. தமிழின் ‘சீர்திருத்தம்’ இந்த இடத்தில் வேறுபடுகிறது. திருத்துவதற்கு ஒரு பிழை வேண்டும். லத்தீன் சொல்லுக்கோ முன்பு நன்றாக இருந்த ஓர் உருவம் வேண்டும்.

கிறித்தவம் இந்தப் பொருளை அப்படியே எடுத்துக்கொண்டது. துறவு மடங்களில் ஒழுங்கு தளர்ந்தபோது, நிறுவியவர் வகுத்த விதிக்குத் திரும்புவதுதான் ‘ரெஃபோர்மாத்தியோ’. 1414 முதல் 1418 வரை கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சங்கத்தில், தலையிலும் உறுப்புகளிலும் சீர்திருத்தம் வேண்டும் என்பது பெரிய முழக்கமாக இருந்தது. தலை என்றால் போப்பாண்டவர். அதே சங்கம் 1415 ஜூலை 6 அன்று பிராகாவின் போதகர் யான் ஹுஸ்ஸை எரிக்கக் கொடுத்தது. இன்று செக் மொழியில் ‘ரெஃபோர்மாட்டோர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் அவரே.

1517இல் விட்டன்பர்கில் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டபின் சொல்லின் தலையெழுத்தே மாறியது. லூதருக்கு ‘ரெஃபோர்மாத்தோர்’ என்ற பட்டத்தில் பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. திருச்சபையைச் சீர்திருத்துவது ஒரு மனிதனாலோ பல கர்தினால்களாலோ ஆகிற காரியமல்ல, கடவுளின் வேலை என்று 1518இல் எழுதினார். பட்டத்தைச் சூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். சட்டமும் விட்டுவைக்கவில்லை. 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, தன் நிலப்பகுதியின் மதத்தைத் தீர்மானிக்கும் உரிமையை ஜெர்மானியச் சிற்றரசர்களுக்கு வழங்கியது. சட்ட அறிஞர்கள் அதற்கு ‘சீர்திருத்தும் உரிமை’ என்று பெயர் வைத்தார்கள். குடிமக்களின் வழிபாட்டை அரசன் மாற்றுவதற்குக்கூட அந்தப் பெயர் பொருந்தியது!

சொல்லின் உருவத்தைப் பார்த்தால், லத்தீனின் நேர் வாரிசுகளான மொழிகள் அதைத் தத்தம் நாவுக்கு ஏற்பத் தேய்த்துக்கொண்டன. இத்தாலியனில் ‘ரிஃபோர்மத்தோரே’, ஸ்பானியத்தில் ‘ரெஃபோர்மதோர்’, பிரெஞ்சில் ‘ரெஃபோர்மத்தர்’. உயிரெழுத்துகளுக்கு இடையே வரும் வல்லினம் ஸ்பானியத்தில் மெலிந்துவிடும். ‘பத்தி’யில் ஒலிக்கும் தகரமும் ‘பதி’யில் ஒலிக்கும் தகரமும் வேறு என்பதை அறிந்த தமிழ்ச் செவிக்கு இந்த மாற்றம் எளிதில் பிடிபடும். போலிஷ், செக், ஹங்கேரியன், ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளோ சொல்லைப் புத்தகத்திலிருந்து எடுத்ததால், ‘தோர்’ தேயாமல் அங்கே நிலைத்தது. ஆங்கிலம் மட்டும் லத்தீன் விகுதியைக் கழற்றிவிட்டுத் தன் சொந்த விகுதியை மாட்டி ‘ரிஃபார்மர்’ என்றது.

ஆங்கிலத்தின் அந்தச் சொல்லை ஜெர்மன் தனியாக இரவல் வாங்கியது. விளைவாக இன்று ஜெர்மனில் இரண்டு சொற்கள். லூதர், மெலாங்க்தோன், ஸ்விங்லி, கால்வின் போன்ற சமயச் சீர்திருத்தவாதிகள் ‘ரெஃபொர்மாட்டோர்’. நெப்போலியனிடம் தோற்றபின் பிரஷ்ய அரசை மாற்றியமைத்த ஷ்டைனும் ஹார்டன்பர்கும் ‘ரெஃபோர்மர்’. ஓய்வூதியச் சட்டத்தை மாற்றும் அமைச்சரை முதல் சொல்லால் அழைத்தால் ஜெர்மானியர் கேலி என்றே எடுத்துக்கொள்வார். தமிழில் லூதரும் அந்த அமைச்சரும் ஒரே ‘சீர்திருத்தவாதி’தான், மொழிபெயர்ப்பாளர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ரஷ்யனில் இந்தப் பிரிவினை இல்லை. மகா பீட்டரும், 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த இரண்டாம் அலெக்சாந்தரும், லூதரும் அங்கே ‘ரெஃபர்மாத்தர்’ என்ற ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நெதர்லாந்தின் கதை இதைவிடச் சுவையானது. அந்நிய வாடை வேண்டாமென்று டச்சுக்காரர்கள் ‘ஹெர்ஃபோர்மர்’ என்று சொந்தச் சொல் செய்தார்கள். ‘ஹெர்’ என்றால் மறுபடி. ‘ஃபோர்ம்’ என்றால் உருவம். ஆனால் அந்த ‘ஃபோர்ம்’ லத்தீனின் ‘ஃபோர்மா’வேதான். வாசலில் விரட்டிய விருந்தாளி கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய சொல்லும் போகவில்லை. ‘ஹெர்ஃபோர்ம்ட்’ என்றாலும் ‘ஹெரெஃபோர்மேர்ட்’ என்றாலும் சீர்திருத்தப்பட்டது என்றே பொருள். ஆயினும் அவை இரண்டு தனித்தனித் திருச்சபைகளின் பெயர்களாயின. 1886இல் ஆபிரகாம் கைப்பர் தலைமையில் ஒரு பெரும் பிரிவு தேசியத் திருச்சபையை விட்டு வெளியேறியதும் இந்தச் சொல் வேறுபாடு ஊருக்கு ஊர் வேலியானது. 2004இல்தான் இரு சபைகளும் லூத்தரன் சபையோடு சேர்ந்து ஒன்றாயின.

லத்தீனை அடியோடு தவிர்த்த ஒரு சொல் ஃபின்னிஷில் உண்டு. அங்கே ‘ரெஃபொர்மாட்டோரி’யும் வழங்குகிறது என்றாலும், ஃபின்லாந்தின் சமயச் சீர்திருத்தவாதி மிக்காயெல் அக்ரிகோலாவைக் குறிக்கப் பழகிய சொல் ‘உஸ்கோன்புஹ்திஸ்தயா’. விசுவாசத்தைத் துலக்கியவர் என்பது அதன் பொருள். இங்கே உருவத்துக்கு இடமில்லை, அழுக்குக்கே இடம்.

ஒரே வேரின் கிளைகள் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு லிஸ்பனும் டெப்ரட்சனும் சான்று. லிஸ்பனில் ‘ரெஃபுர்மாது’ என்றால் ஓய்வூதியம் வாங்குபவர். ஹங்கேரியின் டெப்ரட்சனில் ‘ரெஃபோர்மாட்டுஷ்’ என்றால் கால்வினியத் திருச்சபையைச் சேர்ந்தவர். பிரான்ஸில் ‘ரெஃபோர்மே’ என்பது அந்தத் திருச்சபையினரையும் குறிக்கும், உடல்தகுதி இல்லாமல் ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்டவரையும் குறிக்கும். வெனிஸ் குடியரசிலோ ‘ரிஃபோர்மத்தோரி’ என்பது ஒரு பதவிப் பெயர். பாதுவா பல்கலைக்கழகத்தை மேற்பார்த்த அந்த அதிகாரிகள், அச்சாகும் நூல்களுக்கு அனுமதி வழங்கும் தணிக்கையாளர்களாகவும் இருந்தார்கள்.

சொல் முன்னோக்கித் திரும்பியது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். பழைய விதிக்குத் திரும்புவதல்ல, இதுவரை இல்லாத விதியை இயற்றுவதே சீர்திருத்தம் என்றானது. 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாக்குரிமையை விரித்த சட்டத்துக்கு அந்தப் பெயரே வந்தது. பிறகு சோஷலிஸ்டுகளின் சண்டையில் ஒரு வசைச்சொல் பிறந்தது. எடுவர்ட் பெர்ன்ஸ்டைன் படிப்படியான மாற்றம் போதும் என்றபோது, 1899இல் ரோசா லக்சம்பர்க் ‘சமூகச் சீர்திருத்தமா, புரட்சியா?’ என்ற நூலால் பதிலடி கொடுத்தார். அதற்குப்பின் புரட்சிக்காரர்களின் வாயில் ‘ரெஃபோர்மிஸ்ட்’ என்பது பாதி வழியில் நின்றுவிட்டவன் என்ற ஏச்சு. ‘தோர்’ விகுதிக்குக் கிடைத்த மரியாதை ‘இஸ்ட்’ விகுதிக்குக் கிடைக்கவே இல்லை.

லத்தீனில் இந்தச் சொல்லுக்குப் பெண்பால் வடிவம் ‘ரெஃபோர்மாத்ரிக்ஸ்’, பிரெஞ்சில் ‘ரெஃபோர்மத்ரீஸ்’. இலக்கணத்தில் இடம் இருந்தது, கல்லில் இல்லை. கால்வின் பிறந்த 400ஆம் ஆண்டான 1909இல் ஜெனீவாவில் ‘சீர்திருத்தவாதிகளின் சுவர்’ எழுப்பத் தொடங்கினார்கள். நடுவே ஃபரெல், கால்வின், பேசா, நாக்ஸ் ஆகிய நால்வரின் நெடிய சிலைகள்; லூதருக்கும் ஸ்விங்லிக்கும் பெயர் பொறித்த கற்கள் மட்டும். அதே ஜெனீவாவில் மாரி தாந்தியேர் என்ற பெண் சீர்திருத்தவாதி 1539இல் நவார் அரசி மார்கரெட்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, மறைநூலை விளக்கப் பெண்களுக்கும் உரிமை உண்டு என வாதிட்டார். அச்சான பிரதிகளை நகர அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். 2002இல், லூதருக்கு முன்னோடிகளான ஹுஸ், விக்ளிஃப், பீட்டர் வால்டோ ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் அந்த நினைவகத்தில் பொறிக்கப்பட்டது. பிரெஞ்சில் சுவரின் பெயர் இன்றும் ஆண்பால் பன்மையில்தான் இருக்கிறது.