காக்காய்க்குப் பயப்படுகிற பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு



பதிவு நீளமானது. இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், கோபம் ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். யாருக்காவது மனம் புண்பட்டால் போன் செய்து திட்டுங்கள், எடுப்பேன்.

சென்ற வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. என் தங்கையின் பேத்தி படிக்கும் கல்லூரியின் ஹாஸ்டல் அறை. வென்டிலேட்டரில் பிடித்த புறா ஒன்றை இரண்டு சீனியர் பெண்கள் அறைக்குள் பறக்கவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். பிள்ளை கட்டிலுக்கு அடியில் சுருண்டு, தலையைப் போர்வையால் மூடிக்கொண்டு அலறுகிறாள். அதற்கு ஒரு சினிமாப் பாட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பத்தொன்பது சிரிப்பு முகம். "சிக்கன் பிரியாணி மட்டும் நல்லா சாப்பிடுவாளே" என்று ஒருவர். "பழவேற்காட்டுப் பக்கத்துல பொறந்துட்டு பறவைக்குப் பயமா?" என்று இன்னொருவர். "சனிக்கிழமை எள்ளு சாதம் வெச்சா சரியாயிடும்" என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவர். அவர் என்னைவிட மூத்தவர், அதனால் பெயர் சொல்லவில்லை.

முதலில் அந்தப் பழவேற்காட்டுக் கேள்வி. கடலோரத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியுமா? ஏரியில் பூநாரை ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறது என்பதற்காக மாவட்டத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இறக்கைச் சத்தம் இனிக்க வேண்டும் என்று சட்டமா? எனக்கு இனிக்கும். முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காடு 1980இல் சரணாலயம் ஆனது என்பதை எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்கு ஒப்பித்திருக்கிறேன். பனிக்காலத்தில் உங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூநாரையும் கூழைக்கடாவும் காட்டியிருக்கிறேன். எனக்குப் பிடித்தது என்பதால் அவளுக்கும் பிடித்தாக வேண்டும் என்று நான் சொல்ல முடியாது.

இந்தப் பயம் அவளுக்கு எப்போது வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

என் தங்கை இறந்த வருடம். பிள்ளைக்கு எட்டு வயது. காரியத்தன்று வாழையிலையில் படையல் சோறு வைத்து, "நீதான் பாட்டிக்குச் செல்லம், நீ போய் வை" என்று மொட்டை மாடிக்கு அனுப்பினோம். கா கா என்று கூப்பிடச் சொன்னோம். அவளும் கூப்பிட்டாள். ஒன்று வந்தது, பிறகு பத்துப் பதினைந்து வந்தன. இலையைக் கீழே வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கையிலிருந்தே பிடுங்கின. ஒன்று தலையில் இறங்கி முடியைப் பற்றியது. அவள் கத்திக்கொண்டு படியில் உருண்டு வந்தபோது நம் வீட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாட்டி வந்துட்டா பாரு, உன்னைத் தொட்டுட்டுப் போயிட்டா."

எட்டு வயதுப் பிள்ளையிடம், உன் மண்டையைப் பிறாண்டியது உன் செத்துப்போன பாட்டி என்று சொல்லியிருக்கிறோம். முழங்காலுக்கு மஞ்சள் வைத்தோம், அத்துடன் மறந்துவிட்டோம். அதற்கு அடுத்த அமாவாசை அவள் சோறு வைக்க மாட்டேன் என்றபோது, "முன்னோருக்கு மரியாதை தெரியாத பொண்ணு" என்று பேர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அவளுடைய ஒரு நாளைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கேட்டு வாங்கினேன், அவளாகச் சொல்லவில்லை. ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு நேர் வழி ஐந்து நிமிடம். வழியில் தூங்குமூஞ்சி மரங்கள், காக்காய்க் கூடுகள். அதனால் பின்பக்கமாகப் பார்க்கிங்கைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கிறாள், வெயில் இல்லாவிட்டாலும் குடை பிடித்துக்கொண்டு. கேண்டீன் திறந்தவெளி. தட்டு எடுத்தால் காக்காய் வரும். அதனால் மதியம் பிஸ்கட். வென்டிலேட்டரில் புறா என்பதால் ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு மே மாதப் புழுக்கத்தில் படுக்கிறாள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் அனுப்பினார்கள். ஷெட்டுக்கு மேலே இரும்பு டிரஸ் முழுக்கப் புறா. இரண்டாவது நாளே வெளியே வந்துவிட்டாள். மெஷினைக் கண்டு பயம் போல என்று அங்கிருந்த சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளை, மெக்கானிக்கல் விரும்பி எடுத்தவள். அந்தத் தாளில் இப்படி ஒரு வரி.

சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

அவள் அப்பா, என் மருமகன், நல்லவன், ஆனால் அவசரக்காரன். "மாமா, மரத்தை வெட்டச் சொல்லி மனு குடுக்கப் போறேன்" என்றான். அதற்கும் சம்மதிக்க மாட்டேன். அந்த மரங்களை வெட்டினால் காக்காய் விளக்குக் கம்பத்தில் கூடு கட்டும். புறாவுக்கு மரமே தேவையில்லை, கட்டிடம்தான் அதற்குப் பாறை. அப்புறம் அவள் அந்த வளாகத்திலேயே வாழ்நாள் முழுக்க இருக்கப்போவதும் இல்லை. எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் அங்கே காக்காய் இருக்கும்.

கல்லூரி சொன்னது இன்னும் அழகு. புகார் கொடுக்கப் போன அப்பாவிடம், "பொண்ணுக்கு ஒத்துக்கலைன்னா டிசி வாங்கிட்டுப் போங்க சார்" என்றார்களாம். கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் 1997இலேயே நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. யூஜிசியின் 2009 விதிமுறைகள், உடம்புக்கோ மனதுக்கோ தீங்கு செய்வது, அச்சம் உண்டாக்குவது, இரண்டையும் ராகிங் என்றுதான் சொல்கின்றன. புறாவை விட்டுத் தாழ்ப்பாள் போடுவது அச்சம் உண்டாக்குவது இல்லையென்றால் வேறு எது? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகரை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அங்கே ஒரு அறைக்கு 'கவுன்சலிங்' என்று போர்டு இருக்கிறதாம். உள்ளே ஜெராக்ஸ் மெஷின்.

நம் ஆட்கள் "இதெல்லாம் வெளிநாட்டு நோய்" என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் சொல்லுங்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வசந்த காலத்தில் காட்டு வாத்துகள் நடைபாதை ஓரமெல்லாம் கூடு கட்டி, போகிற வருகிறவர்களைத் துரத்தும். அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்தது? எங்கெங்கே கூடு இருக்கிறது என்று வரைபடம் போட்டு, கூடு இல்லாத வழியையும் காட்டியது. வாத்தைக் கொல்லவும் இல்லை, பிள்ளைகளைக் கேலி செய்யவும் இல்லை. நம் ஊர்க் காக்காயும் அப்படித்தான். கூட்டில் குஞ்சு இருக்கும்போது கீழே போகிறவர் தலைக்குப் பாயும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும், அதுவரை அந்த மரத்தடியில் ஒரு கயிறு கட்டி 'மாற்று வழி' என்று எழுதிவைத்தால் போதும். கேண்டீன் குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி. வென்டிலேட்டருக்கு வலை. புறா எச்சத்தால் நுரையீரல் கெடும் என்பதால் மற்ற பிள்ளைகளுக்கும் அந்த வலை தேவைதான்.

(காக்காய்க் கூட்டில் கல்லெறியும் வீரர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் முகமூடி போட்டுக்கொண்டு காக்காய்களைப் பிடித்து விட்டார். அந்த முகமூடியைக் கண்டால் அவை வருடக்கணக்கில் கூட்டமாகக் கத்தித் திட்டின. முகத்தை மறப்பதில்லை.)

இனி என் குற்றம். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

1993. நான் வேலை பார்த்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி விலங்கியல் லேப் வாசலிலேயே நின்றுவிடுவாள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பாடம் பண்ணி வைத்த பருந்து ஒன்று இருந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும், ஒரு கண் இல்லாத பருந்து. அதைப் பார்த்தால் நடுங்குவாள். பயத்தை ஒரேயடியாகப் போக்கிவிடுகிறேன் பார் என்று நான் பெட்டியைத் திறந்து, வகுப்பு முழுக்கப் பார்க்க, அந்தப் பருந்தை அவள் கையில் வைத்தேன். செத்த பருந்து, என்ன செய்யப் போகிறது என்ற தைரியம் எனக்கு. மயங்கி விழுந்தாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவள் குரூப்பை மாற்றிக்கொண்டாள். நர்ஸாக வேண்டும் என்று வந்த பெண்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் உளவியல் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தேன். 1920இல் அமெரிக்காவில் வாட்சன் என்பவர் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்பைத் தட்டிச் சத்தம் எழுப்பி, எலியைக் கண்டாலே அழ வைத்தார். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி அதற்கு மறுபக்கத்தைச் செய்தார். முயலுக்குப் பயந்த மூன்று வயதுகூட ஆகாத பீட்டர் என்ற பையன். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்போது கூண்டு முயலை அறையின் கோடியில் வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்டே. கடைசியில் பையன் முயலைத் தடவினான். இன்றைக்கும் இந்தப் பயத்துக்கு வைத்தியம் இதன் வழியில்தான். நான் 1993இல் ஆசிரியர் என்ற பேரில் வாட்சன் வேலையைச் செய்திருக்கிறேன்.

"கோழியைப் பிடித்துக் கையில் கொடு, போய்விடும்" என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பயந்து ஓடும்போது ஒரு நிம்மதி வருகிறது இல்லையா, அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் ஓடச் சொல்கிறது. அதனால் சுற்றுவழியிலேயே நடந்துகொண்டிருந்தால் பயம் வளரும், உண்மை. அதற்காகப் பிடித்துத் தள்ளினால் பயம் இரண்டு மடங்காகும். படிப்படியாகக் கிட்டே போக வேண்டும். எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்பது என்று அவள் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும், பக்கத்தில் நின்று சிரிக்காத ஒருவர்.

அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய் மூன்று வாரம் ஆகிறது. "பைத்தியம்னு சொல்லிடுவாங்க, வரன் அமையாது" என்று சொன்ன அத்தைமார்களுக்கு: வீட்டுக்குள் ஒரு பெண் பிஸ்கட் தின்று இளைத்துப்போவது மட்டும் வரனுக்கு நல்லதோ? போக வசதி இல்லாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது.

முதல் வாரம் காக்காய்ப் படம். பென்சிலில் வரைந்தது, அதுவும் மேசையின் அந்தப் பக்கம். இரண்டாவது வாரம் சத்தமில்லாத வீடியோ. போன ஞாயிறு நானும் அவளும் பொன்னேரி ஸ்டேஷனில் பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்தோம். இருபதடி தள்ளி ஒரு காக்காய் இட்லித் துண்டு ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "போலாமா?" என்றேன். "இரு தாத்தா, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். கும்மிடிப்பூண்டி வண்டி இரண்டு போயிற்று. மூன்றாவதில் ஏறினோம்.

அடுத்த அமாவாசைக்கு அவளை யாரும் மாடிக்குக் கூப்பிடக் கூடாது. என் தங்கைக்கு நான் வைக்கிறேன்.

அந்த வீடியோவை இன்று இரவுக்குள் எல்லோரும் அழித்துவிடுங்கள். வேறு குரூப்புக்கு அனுப்பியவர்கள் அங்கேயும் போய் அழிக்கச் சொல்லுங்கள். யார் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1993 பேட்ச் பிள்ளைகளில் யாருக்காவது அந்த மாணவியோடு தொடர்பு இருந்தால், அவள் எண்ணை எனக்குத் தர வேண்டாம். என் எண்ணை அவளிடம் கொடுங்கள். பேசுவதும் பேசாததும் அவள் விருப்பம்.