கைப்பேசியா, தனி இசைப்பெட்டியா?



சென்ற ஓண விடுமுறையில் என் அறைத் தோழனோடு அவன் ஊருக்குப் புறப்பட்டேன். நான் கொழிஞ்சாம்பாறையான், அவன் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவன். பொள்ளாச்சியும் உடுமலையும் கடந்து பேருந்து மலைச்சாரலை அடைந்தது. ஒரே கைப்பேசி, இயர்போனின் ஒரு முனை அவன் செவியில், மறுமுனை என் செவியில். பாலக்காடு மணி ஐயரின் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. கோர்வை முடியச் சில நொடிகளே இருந்தன. சின்னாற்றுக் காட்டுக்குள் பேருந்து நுழைந்தது, சிக்னல் போயிற்று, மிருதங்கமும் நின்றது! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான் எங்கள் நிலை.

"இதுக்குத்தாண்டா தனியா ஒரு பிளேயர் வாங்கணும்கிறேன்" என்றான் தோழன். கல்யாணப் பந்திகளிலே இரவு பகலாய்ப் பரிமாறி அவன் சேர்த்திருந்த தொகை 16,000 ரூபாய். அத்தனையையும் அந்தப் பெட்டிக்கே கொடுத்துவிட ஆயத்தமாய் இருந்தான். "வாங்கட்டுமா, சொல்லு" என்று என்னைக் கேட்டான்.

அன்று பேருந்தில் என்னால் விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்கிறேன். நம் விடுதிகளில் இக்கேள்வியைச் சுமந்து திரிபவர் அவன் ஒருவன் மட்டும் அல்லன் அன்றோ?

முதலில் தனிப் பெட்டியின் பக்கம் நின்று பேசுவோம். பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. 1979ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. 2001இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது. 2022இல் அதன் உற்பத்தி நின்றது. அதை விழுங்கியது கைப்பேசி. ஆனாலும் தனிப் பெட்டி மாண்டுவிடவில்லை. சோனி, ஃபியோ, அஸ்டெல் அண்ட் கெர்ன் முதலிய நிறுவனங்கள் இன்றும் அதைச் செய்கின்றன. எண்களாய் இருக்கும் இசையை மின்னலையாக்கும் சிப்பும், அந்த மின்னலைக்கு வலுவூட்டும் பெருக்கியும் அதில் சிறப்பாய் அமைந்திருக்கும். 250, 300 ஓம் தடையுள்ள பெரிய ஹெட்போன்களைக் கைப்பேசியில் மாட்டினால் ஒலி மெலிந்து கேட்கும். நல்ல தனிப் பெட்டி அவற்றை எளிதில் பாட வைக்கும். இதை மறுப்பார் இல்லை.

ஆனால், நம்மில் எத்தனை பேரிடம் அத்தகைய ஹெட்போன் இருக்கிறது? நாம் காதில் செருகும் இயர்போன்களில் மிகுதியானவை 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை. அவற்றுக்குக் கைப்பேசியின் வலுவே போதும். வேறொரு வேடிக்கையும் உண்டு. தோழன் வைத்திருந்தது கம்பியில்லாத புளூடூத் இயர்போன். புளூடூத்தில் இசை எண்களாகவே பறந்து செல்கிறது. அதை ஒலியாக்கும் சிப்பும் பெருக்கியும் அந்த இயர்போனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டியின் உயர்ந்த சிப்பு அப்போது என்ன செய்யும்? சட்டைப்பையில் படுத்து உறங்கும்! குதிரை வாங்கிக் கொட்டிலில் கட்டிவிட்டுக் கழுதைமேல் ஏறிப் போவது போன்றது இது.

"உயர்தர ஒலிக்கோப்பு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அளவறிந்து வேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதியது. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வு. அந்த எல்லை முழுவதையும் குறுந்தகடு அடக்கிக்கொள்கிறது. அதே தரத்தை இழப்பின்றிச் சுருக்கித் தருவது ஃபிளாக் கோப்பு. அதற்கு மேல் 24 பிட் என்றும் 192 கிலோஹெர்ட்ஸ் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டுவதில்லை. பாலக்காட்டையடுத்த கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974) அந்நாளில் பாடிக் கொடுத்த 78 சுழற்சி இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்றரை நிமிடத்தளவு ஓடியது. கரகரப்பும் குறுகிய ஒலியெல்லையும் அதன் பிறவிக்குணங்கள். அதை எத்தனை பெரிய கோப்பில் நிரப்பினாலும், தட்டில் இல்லாத ஒலி கோப்பில் எங்கிருந்து வரும்?

ஊர் திரும்பியபின் விடுதியிலே ஒரு சோதனை செய்தோம். மற்றொரு நண்பனின் தனிப் பெட்டியை இரவல் வாங்கினோம். ஒரே பாட்டு, ஒரே கம்பி இயர்போன். இரு கருவிகளின் ஒலியளவையும் இயன்றவரை ஒன்றாக்கினோம். அப்படிச் செய்யாவிட்டால், எது உரக்கப் பாடுகிறதோ அதுவே இனிது என்று செவி ஏமாந்துவிடும். தோழனின் கண்களைக் கட்டி, மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தேன். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்! பிறகு இயர்போனை மட்டும் மாற்றினோம். மலிவான ஒன்றில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டுமே தகரம்போல் ஒலித்தது. தொப்பியின் கும்கி இருக்குமிடமே தெரியவில்லை. நல்லதொன்றைச் செருகியதும் அந்தக் கும்கி எழுந்து வந்தது. இந்த வேற்றுமையைச் சொல்லக் கண்ணைக் கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையில் உள்ள பணம் முதலில் போகவேண்டிய இடம் இயர்போன்தான் என்று அன்று இருவரும் உணர்ந்தோம்.

செவியை நன்கு அடைத்து உட்காரும் இயர்போனால் இன்னொரு நன்மையும் உண்டு. பேருந்தின் இரைச்சல் உள்ளே குறைவதால் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; ஒலி கூடக் கூட அந்த நேரம் விரைந்து குறையும். கெட்ட செவிக்கு எந்தப் பெட்டியும் மருந்தாகாது. ஆனால், சாலையைக் கடக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்!

கைப்பேசியில் துளை இல்லையே என்பீர்கள். 2016இல் ஐபோன் 7 அதை நீக்கியது முதல் பல நிறுவனங்கள் அவ்வழியே சென்றுவிட்டன. சிறிய யு.எஸ்.பி. இணைப்பு ஒன்று போதும். உள்ளே மாற்றுச் சிப்பு உள்ள இணைப்புத்தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பி எல்லாக் கைப்பேசியிலும் வேலை செய்யாது.

அப்படியானால் தனிப் பெட்டி வீணா? இல்லை. சின்னாற்றில் எங்களுக்கு நேர்ந்ததை மறுபடி எண்ணிப் பாருங்கள். அங்கே தோற்றது சிப்பு அன்று. பாட்டு எங்கள் கையிலேயே இல்லை. எங்கோ ஒரு கணினியில் இருந்து இரவலாய் வந்துகொண்டிருந்தது. காடு குறுக்கிட்டதும் இரவல் நின்றது. மலைத்தோட்டங்களிலே வாழும் நம் மக்களுக்கு இது அன்றாடத் துன்பம். செயலியில் இறக்கி வைக்கும் பாட்டும் சந்தா உள்ளவரை மட்டுமே நமது. விலை கொடுத்து வாங்கிய கோப்பும், வீட்டிலுள்ள குறுந்தகட்டிலிருந்து எடுத்த கோப்பும் என்றும் நம்முடையவை. 128 ஜிபி அட்டை ஒன்றில் 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட இசையை ஃபிளாக்கில் அடுக்கி வைக்கலாம்.

தனிப் பெட்டி தரும் மற்றொரு பெருஞ்செல்வம் அமைதி. கைப்பேசியில் ஆலாபனை நடக்கும்போதே செய்தி வரும், அழைப்பு வரும், தேர்வு அறிவிப்பு வரும். விரல் தானாகவே திரைக்குப் போகும். அரைமணி இசையை நாம் முழுதாய்க் கேட்டு எத்தனை நாளாயிற்று? மணி ஐயர் (1912-1981) ஒலிபெருக்கியை விரும்பாதவர் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. கருவி இடையில் புகுந்தால் இசை கெடும் என்று அஞ்சிய அப்பெருங்கலைஞரை, அவர் மறைந்த பின் பிறந்த நாம் கருவி வழியே அன்றி வேறெவ்வாறு அறிவோம்? அப்படிக் கேட்கும் நாம், குறைந்த அளவு கவனத்தையாவது முழுமையாய்க் கொடுக்க வேண்டாமா?

அந்த அமைதிக்கு 16,000 ரூபாய் வேண்டுமா என்பதே என் கேள்வி. நம் வீடுகளில் பழைய கைப்பேசி ஒன்று மேசையறைக்குள் கிடக்கும். அதன் சிம்மை எடுத்துவிடுங்கள், இணையத்தை அடைத்துவிடுங்கள், தேவையற்ற செயலிகளை நீக்கிவிட்டுப் பாட்டுகளை நிரப்புங்கள். அதுவே தனி இசைப்பெட்டி! பெரிய ஹெட்போன் வாங்கியவரும், பழைய கைப்பேசி இல்லாதவரும், பொருள் வளம் உள்ளவரும் தனியாக ஒன்று வாங்கட்டும், தவறில்லை. மாணவராகிய மற்றவர் முதலில் நல்ல கம்பி இயர்போன் வாங்குக. அடுத்துப் பாட்டைச் சொந்தமாக்குக. அதன்பின் கருவியைப் பற்றிச் சிந்திக்குக.

தோழனும் அவ்வாறே செய்தான். இயர்போனுக்கும் அட்டைக்குமாக 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கருவி, அவன் அக்காள் ஒதுக்கிவைத்த பழைய கைப்பேசி. சென்ற மாதம் மறுபடி அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கொழுந்தெடுத்துத் திரும்பிய அவன் அம்மா, லயத்துத் திண்ணையில் அமர்ந்து அதைத் தம் காதில் செருகிக்கொண்டார். சுசீலாவின் பாட்டு. சிக்னல் இல்லாத அந்தத் திண்ணையில் பாட்டு நிற்காமல் ஓடியது. "எங்கடா இருந்துச்சு இம்புட்டுச் சத்தமும்?" என்று மகனைக் கேட்டார்.

மிச்சமான பணம் எங்கே என்று கேட்கிறீர்களா? அடுத்த பருவத்தின் தேர்வுக் கட்டணத்துக்குக் காத்திருக்கிறது. நண்பர்களே, கடைக்குப் போகுமுன் வீட்டு மேசையறையை ஒருமுறை திறந்து பாருங்கள்!