வளர்ப்புப் பல்லிக்குத் தோல் உரியவில்லையா? கை வைக்க வேண்டியது அதன் பெட்டியில்!

பாம்புச் சட்டையைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். வேலியோரம், வைக்கோல்போர் அடியில், பழைய ஓட்டு வீட்டுக் கூரையில் என எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். ஆனால், பல்லிச் சட்டை? வீட்டுக்கு வீடு பல்லி இருந்தும், அது கழற்றிய தோலைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. காரணம் சிம்பிள். பாம்பு தோலை விட்டுவிட்டுப் போய்விடும். பல்லி, உரித்த தோலைத் தானே தின்றுவிடும்.

யாரும் உதவாமல், யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிகிற வேலை இது. இதே வேலைதான், கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கப்படும் பல்லிக்குச் சில நேரம் விரலையே பறிகொடுக்கும் அளவுக்குச் சிக்கலாகிறது.

குறிப்பாக லெப்பர்டு கெக்கோ. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பல்லிகளில் இதுவும் ஒன்று. குரைக்காது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், சின்ன அபார்ட்மென்ட்டே போதும். அதனால், 'முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது' என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அந்த வார்த்தையை நம்பி வாங்குபவர்கள் முதலில் தடுமாறுகிற இடம், பெரும்பாலும் இந்தத் தோல் விவகாரம்தான்.

தோல் உரியும்போது என்ன நடக்கிறது?

பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுசாக வளர்ந்த பிறகே பல்லி பழையதைக் கழற்றும். இரண்டுக்கும் நடுவே திரவம் சேர்ந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்கிறது. அந்த நாள்களில் பல்லியின் நிறம் மங்கி, மேலே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். சாப்பாட்டில் ஆர்வம் குறையலாம். பிறகு கல்லிலோ மரப்பட்டையிலோ முகத்தைத் தேய்த்துத் தோலைக் கிழித்து, வாயால் கவ்வி, கையுறையைக் கழற்றுவது போல இழுத்து உரித்துவிடும்.

குட்டிகள் வேகமாக வளர்வதால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பல்லிக்கு ஏறக்குறைய மாதம் ஒருமுறை. நன்றாகப் பராமரித்தால் லெப்பர்டு கெக்கோ 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். கணக்குப் போட்டால், வாழ்நாளில் 200 முறைக்குக் குறையாமல் தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் 20 விரல்களிலிருந்தும் பழைய தோல் சுத்தமாகக் கழன்றாக வேண்டும்.

ஒரு துண்டுத் தோலுக்கா இவ்வளவு பயம்?

ஆமாம். காற்றில் ஈரம் போதாவிட்டால், நடுவில் இருக்கும் திரவம் சீக்கிரம் காய்ந்து பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். முதுகில் ஒட்டினால் பெரிய பாதிப்பு இருக்காது. விரல் நுனி, வால் நுனி, கண்ணோரம், இந்த மூன்றும்தான் ஆபத்து. விரலைச் சுற்றி ஒட்டிய தோல், காயக் காயச் சுருங்கி, இறுக்கமான மோதிரம் போல ஆகிவிடும். அடுத்த முறை இன்னொரு அடுக்கு சேரும். ரத்த ஓட்டம் தடைபடும். விரல் வீங்கும், கறுக்கும், கடைசியில் உதிர்ந்துவிடும்.

பல்லி என்றாலே 'வால் அறுந்தால் வளர்ந்துடும்' என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லெப்பர்டு கெக்கோவுக்கும் வால் திரும்ப வளரும். ஆனால், உதிர்ந்த விரல் வளராது. போனது போனதுதான்.

'பாலைவனப் பல்லிக்கு ஈரம் எதுக்கு?'

பிரச்சினையின் வேரே இந்தக் கேள்விதான். லெப்பர்டு கெக்கோவின் பூர்விகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், அவற்றையொட்டிய வறண்ட, பாறைப்பாங்கான நிலங்கள். உடனே, 'வறண்ட ஊர்க்காரன், தண்ணி தேவையில்லை' என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெட்டியில் மணலைக் கொட்டி, மேலே ஒரு ஹீட் லேம்ப்பை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

ஆனால், அந்த ஊரில் இந்தப் பல்லி நாள் முழுக்க வெயிலில் காய்வதில்லை. பகலில் பாறை இடுக்கிலும் மண் வளையிலும் பதுங்கியிருந்துவிட்டு, இருட்டிய பிறகே வெளியே வரும். வெளியே அனல் வீசினாலும், வளைக்குள் மண்ணின் ஈரம் தங்கியிருக்கும். ஊர் பாலைவனம்தான், ஆனால் அது குடியிருக்கும் அறை பாலைவனம் கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் வெயிலை மட்டும் கொடுத்துவிட்டு வளையை மறந்துவிடுகிறார்கள். குளிர் நாடுகளில் ஹீட்டர் ஓடும் மாதங்களிலும், நாள் முழுக்க ஏசி ஓடும் அறைகளிலும் காற்று இன்னும் வறண்டுபோகும்.

இதற்கான தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைக் கீறாதபடி மழமழப்பாக்கி, உள்ளே ஸ்பேக்னம் பாசியையோ கிச்சன் டவலையோ நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும். ஈரம் இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது. பெட்டியின் கதகதப்பான பக்கத்தையொட்டி இதை வைத்தால், தோல் உரிக்கும் நேரம் வந்ததும் பல்லி தானே போய் உட்கார்ந்துகொள்ளும். பூஞ்சை பிடிக்காமல் அடிக்கடி மாற்றினால் சரி.

அதற்காகப் பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிப்பதும் தப்பு. மொத்தப் பெட்டியில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் இந்தப் பல்லிக்குப் போதும். எந்நேரமும் ஈரத்திலேயே கிடந்தால் சுவாசக் கோளாறும் தோல் தொற்றும் வரலாம். ஈரம் வேண்டியது அந்த ஒரு மூலையில் மட்டும்தான்.

சரி, ஏற்கெனவே ஒட்டிக்கிச்சு... இப்போ என்ன செய்வது?

பதற்றத்தில் பலரும் முதலில் எடுப்பது ட்வீசரைத்தான். அதைக் கீழே வைத்துவிடுவதே முதல் உதவி. காய்ந்த தோலைப் பிடித்து இழுத்தால், அடியில் இருக்கும் புதுத் தோலும் சேர்ந்து கிழியும். மெல்லிய விரலாக இருந்தால், விரலே கையோடு வந்துவிடும் அபாயமும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவும் கை வைத்தியமும் வேண்டாம். தோல் நெகிழத் தேவை தண்ணீர், எண்ணெய்ப் பூச்சு இல்லை.

காற்றோட்டமுள்ள ஒரு டப்பாவில், பாதம் நனையும் அளவுக்கு மட்டும் 30 டிகிரி செல்சியஸ் அளவிலான வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் பல்லியை அதில் விடலாம். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பிறகு, ஈரமான காட்டன் பட்ஸால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக உருட்ட வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் மறுபடி முயற்சி செய்யலாம். ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்ற அவசரம்தான் காயத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் வீட்டில் முயற்சிக்கவே கூடாது. கண்ணைச் சுற்றியோ இமைக்குள்ளோ சிக்கிய தோல் ஒன்று. வீங்கிய, சிவந்த அல்லது கறுத்த விரல் இன்னொன்று. இரண்டுக்கும் ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

திரும்பத் திரும்ப வந்தால்?

ஈர டப்பா வைத்தும் மாதாமாதம் இதே கதை என்றால், அது வேறு எதையோ சொல்கிறது. பெட்டியில் சூடு போதாமல் இருக்கலாம். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். உண்ணிகளோ குடல் ஒட்டுண்ணிகளோ இருக்கலாம். சத்துக் குறைபாட்டுக்கும் வாய்ப்புண்டு, குறிப்பாக வைட்டமின் ஏ. ஆனால், அதே வைட்டமின் அளவுக்கு மிஞ்சினாலும் நஞ்சு. எனவே, கடையில் கிடைக்கும் பவுடரை இஷ்டத்துக்குத் தூவாமல், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பதே சரி.

தோல் ஒட்டுவதைத் தனி நோயாகப் பார்க்கக் கூடாது. பல்லி வாழும் பெட்டியைப் பற்றி அதன் உடம்பு எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் அது. விரலில் இருக்கும் தோலை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டால், அடுத்த மாதம் அதே ரிப்போர்ட் மறுபடி வரும்.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியது

முதலில் சட்டம். சிங்கப்பூரில் பல்லி இனங்களைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. இந்தியாவில், வடகிழக்கு மாநிலங்களில் காணப்படும் டோக்கே பல்லி போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பது, விற்பது எல்லாமே குற்றம். எந்த ஊராக இருந்தாலும், அங்கே எதற்கு அனுமதி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

சட்டம் அனுமதித்தாலும், 'ஈஸி மெயின்டனன்ஸ்' என்ற விளம்பர வார்த்தையை அப்படியே விழுங்க வேண்டாம். நாய்க்கு வலித்தால் முனகலாம். விரல் இறுகி ரத்தம் ஓடாமல் போனாலும், பல்லி பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கும். அதன் வலியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு முறை தோல் உரித்த பிறகும் டார்ச் அடித்து 20 விரல்களையும் பார்ப்பது. மாதம் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தை 15 ஆண்டுகளுக்கு விடாமல் ஒதுக்க முடியாது என்று தோன்றினால், பல்லியை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நல்லது.