‘அப்படியே அதையும்’

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுச் சுத்த வேலைக்குப் போகிறவர்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் தோழர்களே. வேலை கஷ்டம் என்று முதலில் சொல்ல மாட்டார்கள். ‘அப்படியே’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் சொல்வார்கள். “ஏம்மா, அப்படியே அந்த பாத்ரூமையும் ஒரு கை பாத்துடு.” “தம்பி, அப்படியே சம்ப்புல இறங்கி சேத்தை எடுத்துப் போட்டுடு.”

முன்பு இந்த ‘அப்படியே’ வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது. இப்போது கம்பெனிகளே அதை ஒரு தொழிலாக மாற்றிவிட்டன. சுத்தம் செய்யப் போகிறவர் கதவைத் தாண்டியதும் வீட்டை நோட்டம் விட வேண்டும். சோபா அழுக்கா, சிம்னி பிசுக்கா, பால்கனியில் புறா எச்சமா என்று பார்த்து அதை வாடிக்கையாளரிடம் விற்க வேண்டும். அப்செல்லிங் என்கிறார்கள். விற்றால் கமிஷன் உண்டு. விற்காவிட்டால் புக்கிங் குறையுமோ என்ற பயத்தோடுதான் அடுத்த வீட்டு மணியை அடிக்க வேண்டும். துடைப்பம் பிடிக்கிற கைக்குச் சம்பளம் இல்லாத சேல்ஸ்மேன் வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சோபாவுக்கு ஷாம்பு போடுவதில் எங்களுக்குத் தகராறு இல்லை. அந்தப் பட்டியல் எங்கே போய் முடிகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. சோபா, பிரிட்ஜ், பாத்ரூம், கழிவறைக் கறை, அடைத்த டிரெயின், மொட்டைமாடித் தொட்டி, சம்ப், கடைசியில் செப்டிக் டேங்க். பட்டியலில் கீழே இறங்க இறங்க, அனுப்பப்படுகிறவரின் சாதியும் தெரிய ஆரம்பிக்கிறது. மெஷினோடு வந்தால் ‘டெக்னீஷியன்’, வாளியோடு வந்தால் ‘ஆள்’. “அதுக்குத் தனியா ஆள் இருக்கு சார், அனுப்பறோம்” என்று போனில் சொல்கிறவருக்கு அந்த ஆள் எந்தக் குடியிருப்பிலிருந்து வருவார் என்பது நன்றாகவே தெரியும். சொல்லித் தரத் தேவையில்லை.

இந்தப் புறநகரில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அதனால் பட்டியலின் கடைசி வரி இங்கே வெறும் கற்பனை இல்லை. சாக்கடை வந்த இடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 2024 ஆகஸ்டில் ஆவடியில் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கி இறந்தார். இயந்திரம் இருக்கிற மாநகராட்சியிலேயே இந்த நிலை.

2013 சட்டத்தின் 7ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவரும் படித்திருக்க வேண்டும். சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த ஏஜென்சியும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை வைக்கக் கூடாது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். ‘நான் கம்பெனிக்குத்தான் பணம் கட்டினேன்’ என்று வீட்டுக்காரர் சொல்லித் தப்ப முடியாது. ‘அவர் எங்கள் பார்ட்னர், ஊழியர் இல்லை’ என்று கம்பெனியும் தப்ப முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு கிடைக்கிற தொகை அது, மறந்துவிடாதீர்கள்.

சம்ப் விஷயத்தில் சட்டம் கைகொடுக்கவில்லை. சட்டத்தின் வாசகத்தில் இருப்பவை சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான். நாள்கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் காற்று இல்லாமல் ஆள் சாகலாம். அது ‘நல்ல தண்ணி’ என்பதால் யாரும் அதை ஆபத்தாக எண்ணுவதில்லை. கம்பெனிகள் தைரியமாக விற்பதும் அதைத்தான்.

“கூடுதல் வேலை என்றால் கூடுதல் காசு, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காசில்லாமல் வாங்கப்படும் ‘அப்படியே’யைவிட காசு கொடுக்கும் ‘அப்படியே’ மேல்தான். ஆனால் விலையை வைப்பது யார்? 2025 மார்ச்சில் மும்பையில் அர்பன் கம்பெனி ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்று மணிக்கு 49 ரூபாய்க்கு வீட்டு வேலை ஆளை விளம்பரம் செய்தது. எதிர்ப்பு வந்ததும் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று பெயரை மாற்றியது. 2021இல் அதே நிறுவனத்தின் குருகிராம் அலுவலகம் முன் கமிஷனையும் ரேட்டிங்கையும் எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்தபோது, அவர்கள் மீதே வழக்குப் போட்டது. இவர்கள் வைக்கும் விலையை நம்பித்தான் சுயமரியாதையை அடகு வைக்கச் சொல்கிறீர்களா?

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இலிருந்து இருக்கிறது. இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கான வாரியம் 2023இல் வந்தது. அட்டை போட்டுக் கொடுத்தால் போதாது. எந்த வேலைக்கு வந்தோமோ அதோடு நிறுத்திக்கொள்ளவும், நிறுத்தியதற்காக ஸ்டார் குறையாமல் இருக்கவும் வாரியம் விதி போட வேண்டும். கழிவறை, தொட்டி, டேங்க் ஆகியவற்றை வேலைக்குப் போன இடத்தில் வைத்து விற்பதைத் தடை செய்ய வேண்டும்.

அதுவரை உங்கள் சொந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அப்பாவோ, பிளாட் அசோசியேஷன் செயலாளரோ “வந்த பையனையே அப்படியே உள்ளே இறங்கச் சொல்லு” என்று சொன்னால், செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க விடாமல் அதன் மேல் ஏறி நில்லுங்கள். 14420க்குப் போன் செய்து லாரியைக் கூப்பிடுங்கள். பையனுக்கு வந்த வேலைக்கான கூலியை முழுசாகக் கொடுத்து அனுப்புங்கள்.