வாயுவைக் கட்டி வைக்கும் வித்தை

அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரில் புடவை நெய்கிறார்கள். வாழை எங்குமுண்டு, அதன் நாரை இழையாக்கித் தறிக்கு அடங்கச் செய்ததே அவர்களுடைய சாமர்த்தியம். ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவின் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான்.

சூரிய ஒளி தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் ஜலவாயு கிடைக்கிறது. அதை எரித்தால் கரிப்புகை இல்லை. மறுபடியும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. ஒரு கிலோ ஜலவாயு, ஒரு கிலோ பெட்ரோலைப்போல் சுமார் மூன்று மடங்கு உஷ்ணம் தரும். பின் ஏன் நம் வண்டிகளெல்லாம் அதில் ஓடவில்லை? அந்த ஒரு கிலோவை அப்படியே அடைக்க, சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று வேண்டும்! காற்றழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்தி அடைக்கலாம். அல்லது பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கலாம். மகேந்திரகிரியில் ராக்கெட் யந்திரங்களைச் சோதிப்பவர்களுக்கு இது சரி, குடும்பஸ்தர்களுக்குக் கட்டுமா?

மூன்றாவது வழி, வாயுவை உறிஞ்சும் பொருள்கள். லாந்தனமும் நிக்கலும் கலந்த உலோகம் சாதுவானது. கேட்டவுடன் வாயுவைத் திருப்பித் தரும். ஆனால் நூறு கிலோ உலோகத்தில் ஒன்றரை கிலோ வாயுகூட அடங்காது. மக்னீசியத்தில் ஏழு கிலோவுக்கு மேல் அடங்கும். ஆனால் வாங்கிய கடனைத் திருப்பாத மனிதரைப்போல், சுமார் 300 டிகிரி சுட்டால்தான் அது வாயுவை விடுகிறது. 2025-ல் ரஸாயன நோபல் பரிசு பெற்றுத் தந்த நுண்துளைக் கூடுகளோ, கடுங்குளிரில்தான் வாயுவை நன்றாகப் பிடித்து வைக்கின்றன. நிறையக் கொள்ளவும் வேண்டும், எளிதில் விடவும் வேண்டும்: இவ்விரண்டும் கூடிய பொருளைத்தான் உலகம் தேடுகிறது.

இத்தேடலில் நம்மவர் பின்தங்கியவரல்லர். காசி ஹிந்து சர்வகலாசாலையில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவாவின் குழுவினர் உலோகத்தில் அடைத்த ஜலவாயுவினால் மோட்டார் சைக்கிளையே ஓட்டிக் காட்டினர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பல ஆண்டுகளாக இவ்வாராய்ச்சி நடந்து வருகிறது. 2023-ல் இந்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினர். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பது நோக்கம்.

நோக்கம் சிலாக்கியமானதே. ஆனால் தயாரிப்பதில் காட்டும் ஆர்வத்தைச் சேமிக்கும் பொருளிலும் காட்ட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இன்று அந்நிய நாட்டிலிருந்து வருகிறது. நாளை நமது வெயிலில் விளைந்த வாயுவை அடைக்கப் பாத்திரத்துக்காகவும் பிறரிடம் கையேந்தினால், அதைச் சுயதேவைப் பூர்த்தி என்று எப்படிச் சொல்வது? நாரும் நமதாய், தறியும் நமதாய் இருந்தால்தான் புடவை நமது.