சிவப்பு மலிந்த திரை

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதே கடற்கரையில் சற்று வடக்கே, எங்கள் திருவிடந்தையில், டிவியிடம் கேட்க இரண்டே கேள்விதான் இருந்தது: எங்கே வருது, எப்போ வருது?

செய்திச் சேனல்கள் காட்டியது என்ன? சுழலும் ராட்சதச் சக்கரம், செயற்கை மின்னல், அதிரும் இசை. பதில் சொல்ல வேண்டிய வரைபடம் ஒரு மூலையில். அதன் மேலும் ஒரு 'பிரேக்கிங்' பட்டை.

இதை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லி என்னால் விட முடியவில்லை. வானிலை ஆய்வு மையம் நிறங்களுக்குப் பொருள் வைத்திருக்கிறது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. சேனலிலோ நடிகர் கல்யாணத்துக்கும் சிவப்பு, தங்கம் விலைக்கும் சிவப்பு. தினமும் அதையே பார்த்து மரத்துப்போன கண், நிஜ ரெட் அலர்ட்டுக்கு மட்டும் ஏன் திடுக்கிடணும்?

'போட்டி சார், ரிமோட் மாறிடும்' என்பார்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண்கள். இசை கிடையாது, மின்னல் கிடையாது. எழுத்து தெரியாதவருக்கும் தூரத்திலிருந்தே சேதி போய்ச் சேரும்.

புயல் நாளிலாவது திரையை வரைபடத்துக்கு விடுங்கள். ஊர்ப்பெயர், காற்றின் வேகம், அறிக்கை வெளியான நேரம், மூன்றும் பெரிய எழுத்தில் வேண்டும். சிவப்பை ரெட் அலர்ட்டுக்கு மட்டும் வையுங்கள். கல்யாணச் செய்திக்கு வேற கலரா இல்ல?