வலிக்காத கட்டியும் வழவழ நோட்டீஸும்

அக்டோபர் வந்தாச்சு. வாட்ஸப்பில் பிங்க் ரிப்பன் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. சென்னை நண்பர் ஒருவர் நேற்று ஒன்றை அனுப்பி, "உங்க ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஃபார்வர்டு பண்ணுங்க"ன்னு எழுதியிருந்தார். நல்ல மனசுதான். ஆனா எனக்குக் கோபம் வந்தது.

எங்க ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். பாதி வீட்டில் தறி, பாதி வீட்டில் ஏர், சில வீட்டில் ரெண்டும். ஐப்பசி என்றால் தீபாவளி ஆர்டரும் முகூர்த்தச் சேலையும் கழுத்தை நெரிக்கும். வயலில் களை நிற்கும், மழை வேற. ஒரு பொம்பளைக்குத் தன் உடம்பைத் திரும்பிப் பார்க்க நேரமே இல்லாத மாசம் இது. இதைத்தான் விழிப்புணர்வு மாசம் என்கிறார்கள்.

என் சித்தி வீட்டுக்கும் மூணு வருஷம் முன்னாடி ஒரு நோட்டீஸ் வந்தது. வழவழன்னு தாள், 'மார்பக சுய பரிசோதனை'ன்னு தலைப்பு, ஆறு படம். ஆம்பளைங்க புழங்குற கூடத்தில் அதை விரித்துப் பார்க்க முடியுமா? மடிச்சு, தார் சுத்துற ராட்டைக்கு முட்டுக் கொடுத்துட்டாங்க. மெசேஜும் வந்தது. வீட்டில் இருக்கிற ஒரே போன் தம்பியோடது. அவன் பார்த்துக் கூச்சப்பட்டு அழிச்சிட்டான்.

அதே நேரம் சித்தி மாரில் புளியங்கொட்டை அளவு கட்டி. எட்டு மாசம் யாருக்கும் சொல்லலை. அப்புறம் கேட்டப்போ, "வலிக்கலையே நைனா, வலிச்சா போயிருக்க மாட்டேனா?" என்றார்.

இந்த நோயில் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இந்த ஒரு வரியைத் தெருமுனையில் நின்று கத்தணும். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி எல்லாமே அடையாளம்தான். நோட்டீஸில் ஆறு படம் இருந்தது, இந்த வரி இல்லை.

சொல்லிக் கொடுத்தா மட்டும் போதுமா? 1989-லிருந்து ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் 2.66 லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குச் சுய பரிசோதனையை நன்றாகவே கற்றுக் கொடுத்தார்கள். 2002-ல் வந்த முடிவு, சாவு குறையவில்லை. மும்பையில் டாடா மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்த ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பாதிக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். இன்னொரு பாதிக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். இந்தப் பாதியில் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. 50 வயது தாண்டியவர்களில் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. (50-க்குக் கீழே குறையவில்லை, அதையும் மறைக்கக் கூடாது.)

தாளை விட ஒரு பொம்பளையின் கைதான் வேலை செய்திருக்கிறது. அந்தக் கை நம்மிடமும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். புற்றுநோயில் 1969-ல் போன அண்ணா நம்ம காஞ்சிபுரத்துக்காரர். அவர் பேரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. எங்க ஊரிலிருந்து டவுன் பஸ் தூரம். சித்திக்கு அந்தத் தூரத்தைக் கடக்க எட்டு மாசம் ஆச்சு. ஏன்னா தார் சுத்த ஆளில்லாட்டா தறி நிற்கும், தறி நின்னா கூலி இல்லை. அப்புறம், கூட வர ஒரு பொம்பளை வேணும். இது ரெண்டுக்கும் உங்க படத்தில் என்ன பதில் இருக்கு?

நோட்டீஸ் வேண்டாம்னு சொல்லலை. அதில் படத்துக்குப் பதிலா, எந்த நாள், எந்த நர்ஸம்மா, எந்த அறை, கதவு சாத்தியிருக்குமா என்று எழுதுங்க. வீட்டுக்குள்ள வந்து, ராட்டை பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கொடுக்க ஒரு பொம்பளையை அனுப்புங்க.

சித்தி ஒரு பக்க மாரை எடுத்துட்டாங்க. இப்போ ராட்டை சுத்துறாங்க, கை மட்டும் பழையபடி தூக்க வரலை.

சென்னை நண்பருக்கு ஒரு பதில். படத்தை ஃபார்வர்டு பண்ணலை. எங்க ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாங்க. வர்ற அமாவாசைக்கு 12 பெண்களைக் கூட்டிட்டுப் போக ஒரு வேன் பேசியிருக்கேன். சித்தியும் கூட வர்றாங்க. வாடகையில் பாதியை நீங்க கொடுங்க.